எட்டு லட்ச மெஷினும் ஒரு முழம் நாடாவும்

முடிதிருத்தும் ஷூகிச்சியின் பழைய பனி மெஷின் டிசம்பர் ஏழாம் தேதி காலை, கடை வாசலுக்கும் தெருவுக்கும் நட்டநடுவில் நின்று உயிரை விட்டது. நல்லபடியாகவும் விடவில்லை. இருமி, எண்ணெய் கக்கி, பெல்ட் கருகிய நாற்றத்தைக் கடைக்குள் வரை அனுப்பிவிட்டுத்தான் ஓய்ந்தது. ஜப்பானில் எங்கள் அகிதா மலைப்பக்கத்தில் டிசம்பரில், வாசல் பனியை வாயில் அள்ளித் தூர எறிகிற இந்த மெஷின் போவது லேசுப்பட்ட விஷயமில்லை. மூன்று நாள் வழி எடுக்காவிட்டால் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. நாலாம் நாள் உள்ளே இருப்பவர் வெளியே போக முடியாது. எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வரும் பெண்கள் முதல் குளிர்காலத்தில் அழுவார்கள், இரண்டாம் குளிர்காலத்தில் என்ன மெஷின் வாங்கலாம் என்று கேட்பார்கள்.

ஷூகிச்சிக்கு வயது அறுபத்து மூன்று. அவர் முடி வெட்டுவார், அவர் மனைவி மிசாவோ சவரம் செய்வாள். முப்பத்து நாலு வருஷமாக அந்தச் சின்னக் கடையில் இரண்டு நாற்காலி, நாலு கை. வேறு வருமானம் கிடையாது. மிசாவோவின் நாற்காலி மட்டும் கொஞ்ச காலமாக மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. ஆளை உட்கார வைத்துக் கத்தியைக் கழுத்தில் வைத்தால் நாற்காலி தன்பாட்டுக்கு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். கத்தியும் கூடவே இறங்க வேண்டும். புது நாற்காலிக்கென்று அவள் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தாள்.

அந்த நாற்காலியில் வாராவாரம் உட்காருகிறவர் எதிர்வீட்டு தொராவோ. எழுபத்தொரு வயது. காலமெல்லாம் மின்கம்பத்தில் ஏறிப் பிழைத்த மனுஷன். கம்பத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் சொந்த வாசலில், சொந்தப் பனி மெஷினின் வாய்க்குள் வலது கை விரல் இரண்டை விட்டுவிட்டு வந்தார். அவரைக் கிண்டல் பண்ணாத ஆள் இல்லை. முதல் ஆளாக அவரே பண்ணிக்கொள்வார். "எனக்கு முன்னால எட்டுப் பேருக்கு மேல உக்காந்திருந்தா நான் வீட்டுக்குப் போயிடுவேன், அதுக்கு மேல எனக்கு எண்ண வராது" என்பார், கடையே சிரிக்கும்.

மிசாவோ மட்டும் அந்தச் சிரிப்பில் சேர மாட்டாள். அன்றைக்கு அந்தக் கையைத் துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை போனவள் அவள்தான். எல்லாம் கடைத் துண்டு. ஆறு துண்டு நனைந்தது.

மெஷின் போன மறுநாளே புருஷனும் மனைவியுமாக நுமசாவாவின் கடைக்குப் போனார்கள். டிராக்டர், நாற்று நடும் வண்டி எல்லாம் விற்கிறவன், நாற்பது வயது, வாய் அளந்துதான் பேசும். கொட்டகையில் இரண்டு பனி மெஷின் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று நாலு லட்சத்து எண்பதாயிரம் யென். இன்னொன்று எட்டு லட்சத்துப் பத்தாயிரம். ஷூகிச்சி பெரியதின் விலைச்சீட்டைப் பார்த்ததும், அது யார் வீட்டுப் பிள்ளையோ என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சின்னதைக் காலால் தட்டினார்.

"இது போதும்."

"தாராளமாப் போதும் அண்ணே. இதுவும் நல்ல மெஷின்தான்," என்றான் நுமசாவா. 'இதுவும்' என்று அவன் சொன்ன தினுசைக் கேட்டாலே வாங்குகிறவனுக்கு நிம்மதி போய்விடும். பொல்லாத வியாபாரி.

மிசாவோ கேட்டாள். "தம்பி, பிடியை விட்டா நிக்குமா?"

"ரெண்டும் நிக்கும் அக்கா. பிடியிலருந்து கையை எடுத்தா வண்டியும் நின்னுடும், வாய்க்குள்ள சுத்துற கத்தியும் நின்னுடும். இப்ப வர்றது எல்லாமே அப்படித்தான்."

"அப்ப நம்ம ஊர்ல விரல் எல்லாம் எப்படிப் போகுது?"

நுமசாவா ஷூகிச்சியைப் பார்த்தான். ஷூகிச்சி கொட்டகைக் கூரையைப் பார்த்தார். பதில் மூன்று பேருக்கும் தெரியும். இரண்டு மணி நேரம் அந்தப் பிடியை அழுத்திக்கொண்டே நிற்க வேண்டும். குளிரில் விரல் மரத்துப்போகும். நடு நடுவே பனி பாய்கிற குழாயைத் திருப்ப ஒரு கை வேண்டும். அதனால் எங்கள் ஊர் மெஷின் ஒவ்வொன்றிலும் பிடியில் ஒரு கயிறு தொங்கும். பிடியை அழுத்திக் கட்டிவிட்டால் இரண்டு கையும் சும்மா கிடைக்கும். மெஷின் என்ன கண்டது, மனுஷன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்றே நினைத்துக்கொண்டு சுற்றும்.

"அதுக்குத்தான் அக்கா பெரிசு," என்றான் நுமசாவா. "குழாயைத் திருப்பக் கட்டைவிரல் போதும், பிடியிலருந்து கையை எடுக்கவே வேணாம். பிடி சூடு பண்ணும், கை மரக்காது. வாய் ஒரு சாண் உசரம் ஜாஸ்தி. பனியை இருபது மீட்டர் தூக்கி எறியும்."

"அப்ப கட்ட வேண்டிய அவசியம் இல்லை?"

"அவசியமே இல்லக்கா."

"ஒரு கட்டைவிரல் செய்யுற வேலைக்கு மூணு லட்சத்து முப்பதாயிரமா?" என்றார் ஷூகிச்சி.

"ஒரு விரல் என்ன விலை போகும்னு தொராவோ அண்ணனைக் கேட்டுட்டு வரட்டுமா?" என்றாள் மிசாவோ.

எதை வாங்குவது என்று சொல்லாமல் ஷூகிச்சி மூன்று நாள் இழுத்தடித்தார். அந்த மூன்று நாளும் பனி விடாமல் கொட்டியது. இரண்டு பேரும் மண்வெட்டியால் அள்ளி அள்ளி இடுப்பொடிந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் அவர் அந்த மூன்று லட்சத்து முப்பதாயிரத்தைத் தலைகளாக மாற்றி, எத்தனை தலை வெட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் பனி மெஷின் வாங்குகிற யாரும் இப்படித்தான் புலம்புவார்கள். நாலாம் நாள் காலையில், புகையில் போட்ட முள்ளங்கி ஊறுகாய்த் தட்டுக்குப் பக்கத்தில் மிசாவோ ஒரு தபால் உறையை வைத்தாள். நாற்காலிப் பணம்.

"உன் நாற்காலி?" என்றார்.

"இறங்கினா இறங்கட்டும். நானும் கூடவே இறங்கிக்கிறேன். எனக்கு வேண்டியது உங்க பத்து விரல். அதுல ஒண்ணு குறைஞ்சாலும் நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு ஷூகிச்சி தலைக் கணக்கை நிறுத்தினார்.

பெரிய மெஷின் வந்தது. முதல் நாள் அது எறிந்த பனி தெருவைத் தாண்டிப் போய் தொராவோவின் சீமைப்பனிச்சை மரத்தின் தலையில் விழுந்தது. அடுத்தவன் இடத்தில் பனி போடுவது எங்கள் பக்கம் வெட்டுக் குத்து வரை போகிற சமாச்சாரம். தொராவோ ஜன்னலைத் திறந்து, "ஏண்டா ஷூகிச்சி, இங்க பனிக்குப் பஞ்சம்னு உங்கிட்ட யார் சொன்னா?" என்று கேட்டார். பிறகு, "பரவாயில்ல, தோட்டத்துப் பக்கம் போடு, வசந்தம் வரைக்கும் அங்க எனக்கு என்ன வேலை" என்று விட்டுவிட்டார்.

மிசாவோ சமையலறையில் நின்று காதால் மெஷினைப் பார்த்துக்கொள்வாள். கையைப் பிடியிலிருந்து எடுத்தால் சத்தம் தணியும். மறுபடி பிடித்தால் ஏறும். ஏறித் தணிந்து, ஏறித் தணிந்து கேட்கிறவரைக்கும் அவள் கை தன்பாட்டுக்கு அரிசி களையும். ஒரு மாதம் அப்படிப் போயிற்று. ஜனவரி பாதியில் ஒரு காலை, சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. நல்லதுதானே என்று நினைத்தபடி ஜன்னலைத் துடைத்துப் பார்த்தாள். ஷூகிச்சி மெஷினுக்குப் பின்னால் இல்லை. பத்தடி தள்ளி, இரண்டு கையிலும் மண்வெட்டியோடு நின்றார். மெஷின் ஆளில்லாமல் கத்தியைச் சுற்றிக்கொண்டு தானே ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது.

அவர் வேலை முடிந்து குளிக்கப் போனதும் கொட்டிலுக்குப் போய்ப் பார்த்தாள். பிடியில் வெள்ளை நாடா. வாடிக்கையாளர் கழுத்தில் கட்டுகிற போர்வையின் நாடா, பழைய போர்வையிலிருந்து கிழித்தது, ஒரு முழம் இருக்கும். அந்தப் போர்வையைத் தைத்ததே அவள்தான். அவிழ்த்து அடுப்பில் போட்டாள். மறுநாள் வேறு நாடா இருந்தது. அதையும் அவிழ்த்தாள். அதற்கடுத்த நாளும் இருந்தது. இப்படிப் பத்து நாள், இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் ஒருத்தர் கட்ட, ஒருத்தர் அவிழ்க்க.

அந்த வாரம் தொராவோ சவரத்துக்கு வந்தபோது, நாற்காலி இறங்க இறங்கக் கத்தியை இறக்கிக்கொண்டே அவள் கேட்டாள். "அண்ணே, நீங்க இப்ப கட்டுறதில்லையே?"

"எதை?"

"பிடியை."

"கட்டாம? எட்டு விரலை வெச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் நான் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது?" என்றார் தொராவோ.

அவள் கத்தியை எடுத்துத் தண்ணீரில் அலசினாள். கழுவிய கத்தியையே திரும்பத் திரும்ப அலசிக்கொண்டிருந்தாள். அன்று கடையை மூடியதும் ஷூகிச்சியைப் பிடித்துக்கொண்டாள்.

"எட்டு லட்சம் எதுக்குக் குடுத்தோம்?"

"மெஷினுக்கு."

"கையை விட்டா நிக்கிறதுக்குக் குடுத்தோம். அதை நீங்க ஒரு முழம் நாடாவுல கட்டிப் போட்டுட்டீங்க. அதுக்கு அந்த நாலு லட்சத்து மெஷினே போதுமே, என் நாற்காலியாவது மிஞ்சியிருக்கும்."

அவருக்கும் கோபம் வந்தது. "வாசல்ல வந்து நின்னு பாரு. நகராட்சி வண்டி தெருப் பனியைத் தள்ளிட்டுப் போறப்ப நம்ம வாசல்ல மார் உசரத்துக்குப் பனிச் சுவர் கட்டிட்டுப் போறான். மெஷின் வாய் இடுப்பு உசரம். மேல நிக்கிறதை யாராவது மண்வெட்டியால வெட்டி வாயில தள்ளணும். மெஷினையும் பிடிச்சு, மண்வெட்டியையும் பிடிக்க எனக்கு என்ன நாலு கையா?"

"நிறுத்திட்டு வெட்டுங்க. வெட்டிட்டு ஓட்டுங்க."

"அப்படிப் பண்ணா மதியம் வரைக்கும் ஆகும்."

"ஆகட்டும்."

அவள் முகத்தைப் பார்த்தார். "சரி. இனிமே கட்ட மாட்டேன்," என்றார். சொன்னதைச் செய்யவும் செய்தார், அதைச் சொல்லியாக வேண்டும். நிறுத்தி வெட்டி, ஓட்டி, நிறுத்தி வெட்டி, ஒன்பதாம் நாள் வாசல் சுவரில் மண்வெட்டியை ஓங்கினவர் அப்படியே குனிந்து நின்றுவிட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்தார்கள். டாக்டர் ஒரு வாரம் அசையக் கூடாது என்றார்.

அவர் படுத்த மூன்றாம் நாள் பனி, பனியாக வராமல் ஈரமாக, கனமாக விழுந்தது. காலை பத்து மணிக்கு ஒரு கல்யாணப் பெண் வரவேண்டும். மறுநாள் கல்யாணம், கழுத்தும் முதுகும் சவரம் செய்துகொள்வது எங்கள் பக்கத்து மணப்பெண்களின் வழக்கம், மாதக்கணக்கில் முன்னாலேயே சொல்லி வைத்தது. வாசலில் நகராட்சி வண்டி விட்டுப்போன சுவர் மிசாவோவின் நெஞ்சு வரைக்கும் நின்றது. ஷூகிச்சி படுத்த இடத்திலிருந்து, "விட்டுடு, தொராவோவைக் கூப்பிடு" என்றார். அந்த எட்டு விரலைக் கூப்பிட அவளுக்கு மனசு வரவில்லை. அவருடைய கோட்டையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கையுறை அவளுக்கு இரண்டு அளவு பெரிசு.

முக்கால் மணி நேரம் அவர் சொன்ன கொடுமையை அவளும் அனுபவித்தாள். ஓட்டுவாள், நிறுத்துவாள், முன்னால் போய் வெட்டுவாள், திரும்பி வருவாள். சுவரில் ஒரு முழம்கூடக் குறையவில்லை. மணி ஒன்பதைத் தாண்டியது. மூக்கைத் துடைக்கக் கோட்டுப் பாக்கெட்டில் கைவிட்டபோது நாடா கையில் வந்தது. கட்ட மாட்டேன் என்றாரே தவிர, தூக்கிப் போடவில்லை போலிருக்கிறது. மிசாவோ வீட்டு ஜன்னல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு கட்டினாள். இத்தனை நாள் அவிழ்த்த முடிச்சு, கைக்குப் பழகியிருந்தது.

அப்புறம் வேலை என்ன சுகமாகப் போயிற்று என்கிறீர்கள். மெஷின் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. அவள் பக்கத்தில் நடந்தபடி சுவரை வெட்டி வெட்டி அதன் வாயில் தள்ளினாள். அது தூக்கி எதிர்த் தோட்டத்தில் எறிந்தது. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. இதற்கா இவ்வளவு சண்டை போட்டோம் என்று நினைத்தாள்.

சுவரில் பாதி போனதும் டம்மென்று ஒரு சத்தம். தலையணை அளவு பனிக்கட்டி ஒன்று வாயில் சிக்கிக்கொண்டது. கத்தி நின்றது. பெல்ட் கருகுகிற வாசனை வந்தது. மிசாவோ கியரை நடுவில் தள்ளினாள். வண்டி நின்றது. வண்டியும் நின்றாயிற்று, கத்தியும் நின்றாயிற்று. எல்லாம் நின்றுவிட்டது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பிடியில் முடிச்சு இருந்தது ஞாபகத்தில் இல்லை. மெஷின் பக்கவாட்டில் மாட்டியிருந்த குச்சியை எடுத்துக்கொண்டு முன்னால் போய்க் குனிந்து, கட்டியை இரண்டு தடவை குத்தினாள். மூன்றாவது தடவை கட்டி உடைந்தது.

குச்சி போனது தெரியவில்லை. கை போனதாகத்தான் நினைத்தாள். ஒரே இழுப்பு, தோள் வரைக்கும். பின்னால் மல்லாக்க விழுந்து, வலது கையைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். வெறுங்கை சிவந்து நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. மறுபடி எண்ணினாள். கையுறை மட்டும் இல்லை. பெரிசாக இருந்ததால் அது போயிற்று, கை வந்தது. எதிரே கத்தி ஒன்றுமே நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தது. ஊர்ந்து பின்பக்கம் போய்ச் சாவியைத் திருப்பினாள். முடிச்சை அவிழ்க்க விரல் வரவில்லை. மிச்சச் சுவரை மண்வெட்டியால் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வெட்டிவிட்டு உள்ளே போனாள்.

"நடுவுல சத்தம் மாறிச்சே?" என்று உள்ளேயிருந்து கேட்டார் ஷூகிச்சி. படுத்துக்கொண்டு காதால் பார்த்திருக்கிறார்.

"பனிக்கட்டி," என்றாள்.

பத்து மணிக்குக் கல்யாணப் பெண் வந்தாள். மிசாவோ அவளை ஷூகிச்சியின் நாற்காலியில் உட்கார வைத்துக் கழுத்தைச் சவரம் செய்து அனுப்பினாள். எப்படிச் செய்தாள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஒரு கீறல் இல்லை. கை நடுங்க ஆரம்பித்தது சாயந்திரம்தான். அதற்கப்புறம் நிற்கவில்லை.

மறுநாள் காலை கடை திறந்த கையோடு தொராவோ வந்தார். அது அவருடைய சவர நாள் இல்லை. ஷூகிச்சி இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு எழுந்து வந்து, தன் நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். தொராவோ மிசாவோவின் நாற்காலியில் உட்கார்ந்து, கோட்டுக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் சீப்புகளுக்கு நடுவில் வைத்தார். கையுறை. விரல் நாலும் நார் நாராகக் கிழிந்து, முறுக்கிக்கொண்டு, விறைத்துக் கிடந்தது.

"ஷூகிச்சி, இது உன்னோடதா பாரு. என் தோட்டத்துல கிடந்துச்சு. உள்ள என்ன இருக்குமோன்னு குச்சியால தட்டிப் பார்த்துட்டுத்தான் தொட்டேன்."

"என்னோடதுதான்," என்றார் ஷூகிச்சி. "ஆனா நான் நாலு நாளா வெளியவே..."

கண்ணாடியில் பார்த்தார். கண்ணாடிக்குள் மிசாவோ சோப்பு நுரைக் கிண்ணத்தோடு நின்றாள். கிண்ணத்தில் பிரஷ் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தொராவோவின் நாற்காலி மெல்ல இறங்கியது. அவர் இறங்கிக்கொண்டே, "இன்னிக்கு எனக்குச் சவரம் வேணாம்மா," என்றார்.

"கையைக் காட்டு," என்றார் ஷூகிச்சி.

அவள் காட்டினாள். அவர் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார்.

"கட்டினியா?"

"கட்டினேன்."

"நீயா?"

"உங்க பாக்கெட்லதான் இருந்துச்சு."

ஷூகிச்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தன் நல்ல கத்தரிக்கோலை எடுத்தார். முடியைத் தவிர ஒரு நூலைக்கூட அதால் வெட்ட விடமாட்டார். ஒரு தடவை மிசாவோ ஊறுகாய்ப் பொட்டலத்தை வெட்டினதற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்த மனுஷன். அதை எடுத்துக்கொண்டு செருப்புக் காலோடு பனியில் இறங்கினார். வாசலில் மெஷின் முந்தின நாள் நின்ற இடத்திலேயே நின்றது. அவர் குனிய முடியாமல் குனிந்து நாடாவை வெட்டுவதைக் கண்ணாடிக் கதவு வழியாக இரண்டு பேரும் பார்த்தார்கள். மிசாவோவுக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது.

அவர் திரும்பி உள்ளே வருவதற்கும் நகராட்சி ஒலிபெருக்கி தெருவில் பேசுவதற்கும் சரியாக இருந்தது. இன்று மாலையிலிருந்து நாளைக் காலைக்குள் அறுபது சென்டிமீட்டர், ஈரப்பனி, எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கவும். ஷூகிச்சி அதை நின்று கேட்டார். கத்தரிக்கோலைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். குப்பைக்கூடை காலடியிலேயே இருந்தது. நாடாவின் இரண்டு துண்டையும் அவர் கை பாக்கெட்டுக்குக் கொண்டுபோயிற்று.

மிசாவோ கையை நீட்டினாள். "அதைக் குடுங்க."

"அறுபது சென்டிமீட்டர்ங்கிறான், மிசாவோ. வாசல்ல சுவர் நிக்கும்."

"குடுங்க."

தொராவோ குனிந்து பூட்ஸை மாட்ட ஆரம்பித்தார். எட்டு விரலில் அது லேசில் ஆகிற காரியமில்லை. அவர் மாட்டி முடித்துக் கதவைத் திறந்து போகிற வரைக்கும் மிசாவோ நீட்டிய கையை மடக்கவில்லை. ஷூகிச்சியின் கை பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது.